ஆறு நிறைந்தால் உன் வீடு, வறண்டால் என் வீடு

அன்பு மகள் மேரிக்கு,

ரயில் நகரத் தொடங்கிய பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நீ ஒன்று கேட்டாய். "இனிமேலாச்சும் மழைக்கு வேண்டிக்குவீங்களாப்பா?" என்று. பிளாட்பாரத்தில் ஒரே சத்தம், உன் மடியில் பிள்ளை வேறு அழுதுகொண்டிருந்தது. நான் காது கேளாதவன் மாதிரி கையை ஆட்டிவிட்டு நின்றேன். காது நன்றாகவே கேட்டது. பாய்லர் பக்கத்தில் நின்று நின்று எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பது எத்தனையோ சங்கடங்களில் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. அன்றும் கைகொடுத்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நீங்கள் மதராஸ் போய் வண்டி மாறி, வடக்கே அந்தச் சுரங்க ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் உன் கைக்குக் கிடைக்கட்டும் என்று இன்றே எழுதுகிறேன். படிக்கும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும். அவருக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், உன் சுபாவம் அப்படி. வாங்கிக்கொண்டு நான் என்ன செய்வது? நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீ பாதிதான் பார்த்தாய். மீதிப் பாதி உனக்குத் தெரியாமல் போனால், உன் அப்பன் ஊர் நாசமாகப் போகட்டும் என்று நினைத்தவன் என்று நாளைக்கு உன் பிள்ளைக்குச் சொல்வாய்.

நீ பிறந்தபோது எங்கள் பவர் ஹவுஸில் மூன்று பாய்லரும் எரிந்தன. வடக்கேயிருந்து கூட்ஸ் வண்டியில் நிலக்கரி வரும். நாங்கள் அதை அள்ளிப் போட்டு எரிப்போம். ஆவி போய் டர்பைனைச் சுற்றும். ஊர் வெளிச்சமாகும். இதைத்தான் உனக்குச் சின்ன வயதில் கதையாகச் சொல்வேன், நீ "அப்புறம்?" என்பாய். அப்புறம் ஒன்றும் இல்லை, சாம்பலை வண்டியில் தள்ளிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டியதுதான். பவர் ஹவுஸ் பக்கத்திலேயே வீடு கிடைத்தது. உன் அம்மாதான் கொடியில் போட்ட துணியெல்லாம் கறுத்துப் போகிறது என்று பிடிவாதம் பிடித்து, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் குடி வைத்தாள். பெருமாள் ஊரில் ஒரு வேதக்காரக் குடும்பம், பூசைக்குப் பாலம் தாண்டிப் போக வேண்டும், வேலைக்கும் பாலம் தாண்டிப் போக வேண்டும். இருந்தாலும் அந்தத் தெருவில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. வைகுண்ட ஏகாதசிக்குக் கோபுரமெல்லாம் விளக்குப் போட்டு ஊரே ஜொலிக்கும்போது, கோயிலில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அய்யங்கார் என்னைப் பார்த்து, "ஓய், நம்ம ரெங்கநாதனுக்கு வெளிச்சம் உம்ம அடுப்புலேர்ந்துன்னா வர்றது!" என்பார். நான் வாயெல்லாம் பல்லாக நிற்பேன். மாதாவுக்கும் பெருமாளுக்கும் ஒரே கரியில் விளக்கு எரித்தவன் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்துக்கு நன்றாகவே அடி கிடைத்தது.

மலையிலிருந்து கம்பி வந்தது. அணையில் தண்ணீரைத் தேக்கி, விழ விட்டு, அதில் சக்கரம் சுற்றி வருகிற கரண்ட். கரி வேண்டாம், சாம்பல் இல்லை, புகை இல்லை. சூப்பரண்டு எங்களை எல்லாம் கூட்டி வைத்து இதை விளக்கியபோது நாங்கள் கைகூடத் தட்டினோம். எங்களை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் வயிறெரிந்து திட்டிவிட்டு, வேறு பிழைப்பைப் பார்த்திருப்போம். அப்படி நடக்கவில்லை. முதலில் ஒன்றாம் பாய்லரை அணைத்தார்கள். அது பழுதாகவில்லை, தேவை இல்லை என்றுதான் அணைத்தார்கள். பிறகு மற்ற பாய்லர்களில் குழாய் ஓட்டையானபோது புதுக் குழாய் வரவில்லை. ஒன்றாம் பாய்லரின் வயிற்றிலிருந்து உருவி எடுத்து மாட்டினோம். அதற்கப்புறம் பகலில் நிறுத்தி வைத்துவிட்டு, ஊரில் விளக்குப் போடும் நேரத்துக்கு மட்டும் ஓட்டினோம். அதற்கும் அப்புறம் அதுவும் இல்லை. தீயின் மேல் கரித்தூளைப் போர்த்தி வைக்க வேண்டும், அணையவும் கூடாது, எரியவும் கூடாது. மலை கரண்ட் எப்போதாவது நின்றுபோனால் உடனே கிளறி விடலாம் என்று ஒரு ஏற்பாடு. ஷிஃப்ட் முழுக்க அந்தப் போர்த்திய தீயைக் காவல் காப்பது எங்கள் வேலை. ரிட்டயரானவர்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. டீக்கடை பெஞ்சில் எங்களுக்கு இடம் போதாமல் இருந்தது போய், நானும் ஹெட் ஃபயர்மேன் காதர் பாயும் காலை நீட்டி உட்காரும் அளவுக்கு இடம் வந்தது.

கடைசியில் போர்த்தி வைப்பதும் நின்றது. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருடம் மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள் என்று ஆனது. அணை நிரம்பினால் மலை கரண்ட் போதும், நாங்கள் துருப்பிடித்த வால்வுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கிடப்போம். அணை இறங்கினால் அடுப்பு எரியும், கூடுதல் ஆள் எடுப்பார்கள், வீட்டில் உலை கொதிக்கும். அன்றிலிருந்து எங்கள் கண் பேப்பரில் ஒரே ஒரு மூலைக்குப் போனது, அணையில் எத்தனை அடி என்று போடுவார்களே, அந்த மூலைக்கு. காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு லால்குடிப் பக்கத்திலிருந்து வரும் குடியானவர்களும் அதே டீக்கடையில் அதே பேப்பரை வாங்கி அதே மூலையைத்தான் பார்ப்பார்கள். ஏறியிருந்தால் அவர்கள் இன்னொரு டீ சொல்வார்கள். இறங்கியிருந்தால் நாங்கள். மழை பெய்யக் கூடாது என்று எங்களில் ஒருத்தன் வாய்விட்டுச் சொன்னதில்லை. அது எங்களுக்குள் எழுதாத சட்டம். "மேல எப்படி இருக்கு?" என்று கேட்போம். "வெயில்தான்" என்று பதில் வந்தால் சிரிப்புத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொள்வோம். நான் தினமும் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி ஆற்றைப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்பவன் தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்படுவான். நான் மணல் எங்கே தெரிகிறது என்று பார்ப்பேன். ஸ்ரீரங்கத்துக்காரன் நான், இரண்டு பக்கமும் ஆறு ஓடும் ஊரில் குடியிருந்துகொண்டு, ஆறு வற்ற வேண்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த நேரத்தில்தான் உனக்கு லால்குடிப் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், நம் வேதம், வாய்க்கால் பாசனத்தில் இருபோகம் விளைகிற வயல். சம்பந்தி வந்து உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி, "காவேரி ஓடற வரைக்கும் எங்க வீட்டுல உங்க பொண்ணு பசின்னு சொல்ல மாட்டா" என்றார். உன் அம்மாவுக்கு இஷ்டமில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் மாப்பிள்ளை வேண்டும் என்பது அவள் ஆசை. "எட்டாவது வரைக்கும் படிச்ச பொண்ண சேத்துலயா எறக்கப் போறீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். அப்போது நான் அவளுக்கு என் சாமர்த்தியத்தை விளக்கினேன். இதை நீ அறிய மாட்டாய். "இங்க பாரு, தண்ணி வந்தா அவங்க வீட்டுல நெல்லு. தண்ணி வரலைன்னா நம்ம வீட்டுல சம்பளம். எப்பவும் ரெண்டு வீட்டுல ஒரு வீடு நிக்கும். நின்ன வீடு விழுந்த வீட்டைத் தாங்கும். இதை விட நல்ல எடம் எவன் கொண்டு வருவான்?" என்றேன். உன் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "ரெண்டும் விழுந்தா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். "ஆறுன்னா ஒண்ணு ஓடும், இல்லைன்னா ஓடாது. மூணாவதா என்னடி இருக்கு?" என்றேன்.

பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும்போது குணம் பார்ப்பார்கள், குடும்பம் பார்ப்பார்கள். நான் ஆற்றைப் பார்த்து உன்னைக் கொடுத்தேன். மாப்பிள்ளை தங்கமான மனிதராக வாய்த்தது என் சாமர்த்தியம் இல்லை, உன் அதிர்ஷ்டம்.

சில வருடம் அது பலிக்கவும் செய்தது, அதுதான் என்னை இன்னும் தலைகால் புரியாமல் ஆக்கியது. நல்ல தண்ணீர் வந்த வருடம் சம்பந்தி பஸ் மேலே அரிசி மூட்டையும் பூசணிக்காயும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவார். "ஒங்க அடுப்புதான் எரியலையே, எங்க அரிசியாவது வேகட்டும்" என்று கேலி செய்வார். தண்ணீர் குறைந்த வருடம் உனக்குத் தலைப்பிரசவம். பவர் ஹவுஸ் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து, மாத்திரை, பிள்ளைக்குத் துணி, உங்கள் வீட்டுக்கு மளிகை என்று எதிலும் குறை வைக்காமல் நான் செய்தேன். சம்பந்தியிடம் அதே கேலியைத் திருப்பிச் சொல்லவும் செய்தேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு கிழவர்களும் ஆற்றையே ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வெற்றிலை போட்டோம்.

அப்புறம் இந்த வருடம். ஆனி போனது, ஆடி வந்தது, அணை திறக்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபத்துப் படித்துறையில் பெண்கள் மணலைத் தோண்டி ஊற்றெடுத்து, அந்தக் குழித் தண்ணீருக்கு மஞ்சளும் பூவும் போட்டுக் கும்பிட்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நேராக வேலைக்குப் போனேன். அங்கே ஆர்டர் வந்திருந்தது, மிஞ்சியிருந்த பாய்லரைப் பற்ற வைக்கச் சொல்லி. மேரி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, உடம்பெல்லாம் சந்தோஷம். கரிக்குவியல் மேல் முளைத்திருந்த எருக்கஞ்செடியைப் பிடுங்கினோம். புகைபோக்கிக்குப் போகும் வழியில் கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டினோம். காதர் பாய் எண்ணெயில் நனைத்த கந்தலைப் பற்ற வைத்து, "பிஸ்மில்லா" என்று உள்ளே போட்டார், நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பழைய பாய்லர், அவசரப்பட்டால் குழாய் மூட்டெல்லாம் ஒழுகும். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏற்றி, மறுநாள்தான் ஆவி எடுத்தோம். புகைபோக்கியில் புகை எழுந்தபோது டீக்கடைக்காரர் வெளியே வந்து கும்பிட்டார். நான் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உன் அம்மா பொட்டலத்தைத் தொடவில்லை. உங்கள் வீட்டில் நாற்றங்கால் கருகிப் போனது என்று உன்னிடமிருந்து கார்டு வந்திருந்தது.

அப்போதும் நான் கலங்கவில்லை. என் ஏற்பாடுதான் இருக்கிறதே! இது என் வீடு நிற்கிற வருடம். கரி அள்ளக் கூடுதல் ஆள் எடுத்தார்கள், நான் சூப்பரண்டிடம் சொல்லி, மாப்பிள்ளையை வரவழைத்தேன். பிழைப்புக்காக மாமனார் வீட்டில் வந்து தங்குவது ஒரு ஆண்பிள்ளைக்கு எவ்வளவு சிறுமை என்று உனக்குத் தெரியும். அதுவும் மாமனார் உத்தரவு போட, அவர் கண்ணெதிரில் கரி அள்ளுவது! காதர் பாய் முதல் நாளே, "மாப்பிள்ளைக்கு விருந்து வச்ச மாமனாரப் பாத்துருக்கேன். மாப்பிள்ளைய கரி அள்ள வச்ச மாமனார் இந்தத் திருச்சியில நீ ஒருத்தன்தான்யா" என்றார். நான் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளைதான் சிரித்துக்கொண்டே, "அங்க சேறு, இங்க கரி. ரெண்டும் சோறுதானே பாய்" என்று சொல்லி அந்தச் சங்கடத்தைத் துடைத்துப் போட்டார். மண்வெட்டி பிடித்த கை, கரியை லாவகமாக வீசியது. வேலை முடிந்து இருவரும் ஒரே சைக்கிளில் வீடு திரும்புவோம், அவர் பின்னால் கேரியரில். பாலத்தில் நான் வழக்கம் போல நிறுத்துவேன். அவரும் இறங்கிப் பார்ப்பார். எதைப் பார்க்கிறார் என்று நான் கேட்டதில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. பங்குச் சாமியார் மழைக்கென்று தனிப் பூசை வைத்தார். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லால்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாய். பெண்கள் பக்கத்தில் நீயும் அம்மாவும், ஆண்கள் பக்கத்தில் நானும் மாப்பிள்ளையும். சாமியார் வறண்ட ஆற்றைப் பற்றி, காய்ந்த பயிரைப் பற்றி, உழவர் குடும்பங்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மன்றாட, கோயிலே அதிரும்படி ஜனங்கள் ஆமென் சொன்னார்கள். என் வாய் திறக்கவில்லை. அது எனக்குப் பழக்கம்தான், மழைப் பூசையில் பல வருடமாகவே நான் ஊமை. ஆனால் அன்று பக்கத்திலும் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு முழந்தாளில் இருந்தார். காய்ந்த வயல் அவருடையது. கருகிய நாற்று அவர் கையால் விதைத்தது. அவர் ஆமென் சொல்லவில்லை. மழை வந்தால் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கும் வந்துவிட்டது. நடுவில் இருந்த வழிக்கு அப்பாலிருந்து நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கோயில் படியில் இறங்கும்போது நீ சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "அப்பா, ஒங்க வாய்தான் பூட்டியிருந்துச்சு. இப்ப அவர் வாயையும் பூட்டிட்டீங்களே" என்றாய். மாப்பிள்ளை பிள்ளைக்குப் பலூன் வாங்குகிற சாக்கில் விலகிப் போனார். "எல்லாம் ஒன் வீட்டுக்காகத்தாண்டா" என்றேன். "எங்க வீட்டுக்கு மழைதாம்பா வேணும்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. இருக்கிற நிலைமை புரியாமல் பேசுகிறாயே என்று உன்னை நாலு பேர் நடுவில் கடிந்துகொண்டேன். நிலைமை புரியாமல் இருந்தது யார் என்று பிறகு தெரிந்தது.

மழை வந்தது. இங்கே இல்லை, மேலே, குடகு மலையில். புரட்டாசி முடியப் போகிற சமயம். காலையில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும்போது பாலத்தில் ஒரே கூட்டம். சைக்கிள் போக வழி இல்லை. நுரையும் சருகுமாகச் செந்தண்ணீர் மணலை மூடிக்கொண்டு வந்தது. ஜனங்கள் பூவை வீசுகிறார்கள், கைதட்டுகிறார்கள், ஒரு கிழவர் தண்ணீரைப் பார்த்து விழுந்து கும்பிடுகிறார். மாப்பிள்ளை கேரியரிலிருந்து குதித்துக் கைப்பிடிச் சுவருக்கு ஓடினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை உன் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. குடியானவனுக்குப் புதுத் தண்ணீர். அந்த ஒரு நிமிடம் அவருக்கு வேறு எதுவும் ஞாபகமில்லை. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற நிலையைப் பார்த்தார். பார்த்ததும் அந்தச் சிரிப்பை, என்னவோ செய்யக் கூடாததைச் செய்துவிட்ட மாதிரி, துண்டால் முகத்தைத் துடைத்து எடுத்துவிட்டார். "போலாம் மாமா, நேரமாச்சு" என்றார். அதைப் பார்க்க என்னை ஏன் உயிரோடு வைத்தாய் என்று கடவுளிடம் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த வாரமே ஆர்டர் வந்தது. பாய்லரை அணைக்கச் சொல்லி மட்டும் இல்லை, இனிமேல் பற்ற வைக்கவே வேண்டாம் என்று. வேறெங்கோ பெரிய பெரிய நிலையங்கள் வந்துவிட்டனவாம். இந்தச் சின்ன அடுப்புக்குக் கரி கொண்டுவருவது கட்டுப்படியாகாதாம். தற்காலிக ஆட்களை முதலில் அனுப்பினார்கள், அதில் மாப்பிள்ளையும் ஒருவர். தீயை வாரி வெளியே போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். பாய்லர் ஆறுவதற்காகக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதன் முன்னால் காதர் பாயும் நானும் உட்கார்ந்திருந்தோம். "அடுத்த வருசம் தண்ணி கொறைஞ்சா, இன்ஷா அல்லா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அல்லாவிடம் எதைக் கேட்கிறோம் என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது போலிருக்கிறது.

லால்குடியில் நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது, உங்கள் வயலில் நட நாற்று இல்லை. விதை நெல்லைத் தின்றாகிவிட்டது. வைக்கோல் இல்லாமல் மாட்டை விற்றாகிவிட்டது. சம்பந்தி வரப்பில் உட்கார்ந்து சும்மா ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாப்பிள்ளை வந்து சொன்னார். ஆற்றுக்கு மூன்றாவதாக ஒன்று இருந்தது மேரி, அது எனக்குத் தெரியாமல் போனது. தண்ணீர் பிந்தி வரும். உன் வீட்டுக்குப் பிந்தியும் என் வீட்டுக்கு முந்தியும் ஒரே நாளில் வந்து நிற்கும். இரண்டு வீடும் ஒன்றாக விழுந்தது. உன் அம்மா இதுவரை அதைச் சொல்லிக் காட்டவில்லை. அரிசியில் கல் பொறுக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மாப்பிள்ளை வயலைப் பங்காளியிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, சுரங்கத்துக்குப் போகிறேன் என்று வந்து சொன்னபோது நான் தடுத்திருக்க வேண்டும். எந்த வாயால் தடுப்பது? கரி அள்ளப் பழக்கியவன் நான். "கரி வர்ற எடத்துக்கே போயிட்டா தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன மாமா?" என்றார். அதில் எனக்கு என் குரலே கேட்டது. அவரும் ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டார். இப்போது சொல்கிறேன், அவரிடம் நீ சொல். மேலே வந்த கரியைத்தான் நாங்கள் பார்த்தோம். கீழே அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவன் போல அவருக்குத் தைரியம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வாயில் ஈரத்துணி கட்டாமல் தூசியில் நிற்க வேண்டாம் என்று சொல். வேலை முடிந்து வந்ததும் குடும்ப விஷயம் எதையும் எடுக்காதே, சாப்பிட்டு முடிக்கட்டும், கரி வேலை செய்தவனுக்கு முதல் ஒரு மணி நேரம் காதில் எதுவும் ஏறாது. அவர் துணியைப் பிள்ளை துணியோடு சேர்த்துத் துவைக்காதே. உன் அம்மா என்னிடம் பட்டது போதும். பிள்ளை பெரியவனானதும் எதற்கு ஆசைப்படுகிறானோ அதற்கு அனுப்பு. அடுத்தவன் வீடு விழுந்தால் நம் வீடு நிற்கும் என்கிற பிழைப்பு எதிலும் அவனை வைக்காதே. அப்படிப்பட்ட பிழைப்பு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அதனால் என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. எனக்கே வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மழைக்கு வேண்டிக்கொள்வேனா? இனிமேல் தடை ஒன்றும் இல்லை. பவர் ஹவுஸில் எனக்கு மிஞ்சியிருப்பது இரும்பைப் பிரித்து எடுக்க வருகிறவர்களுக்கு எது எங்கே இருக்கிறது என்று காட்டுகிற வேலை. புகைபோக்கியையும் இடித்துவிடுவார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை, நீ லால்குடியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, கோயிலில் மழைக்கு நன்றி சொல்லிப் பூசை வைத்தார்கள். உன் அம்மா பக்கம் இருந்து சத்தமாக ஆமென் வந்தது. நானும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். யாருக்காகச் சொல்வது என்று நினைத்தேன். உனக்கு வயல் இல்லை. எனக்கு அடுப்பு இல்லை. பெய்தால் சந்தோஷப்படவும் பெய்யாவிட்டால் சந்தோஷப்படவும் நம் வீட்டில் இப்போது யாரும் இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். இதுதான் பதில் மகளே, இதை ஓடுகிற ரயிலோடு ஓடிக்கொண்டே சொல்ல முடியவில்லை.

இங்கே ஐப்பசி அடைமழை விடாமல் பெய்கிறது. அடுக்களை ஒழுகுகிறது, உன் அம்மா பாத்திரம் பாத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை. இன்று காலை வேலைக்குப் போகும்போது பாலத்தில் சைக்கிளை நிறுத்தவில்லை.

உன் அப்பா